புல்மேட்டில் ஓரம் கிடையாது

1. ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, மதுரையிலிருந்து வந்த ஒரு குழு புல்மேட்டுப் பாதையில் ஏறியது.

2. சிவத்தப் பாறைக்குக் கீழே உள்ள வளைவில், பாதையின் நடுவில் தண்ணீர் தேங்கி அடியில் களிமண் இளகிக் கிடந்தது.

3. வழிகாட்டியாகச் சென்ற முத்துமாரி, "நடுவுல வாங்க, நடுவுலயே வாங்க" என்றார்.

4. குழுவில் இருந்த ஒரு அம்மாள் அவர் சொன்னபடியே நடுவில் கால் வைத்தார். வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது.

5. வழிகாட்டி தவறான இடத்தில் நடக்கச் சொன்னதாக அந்த அம்மாளின் கணவர் எழுதிக் கொடுத்தார்.

6. இனி வேலைக்கு வர வேண்டியதில்லை என்று முத்துமாரியிடம் சொல்லப்பட்டது.

7. "ஓரமா வாங்க" என்று சொல்லாதீர்கள், "நடுவுல வாங்க" என்று சொல்லுங்கள் என வழிகாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

முதல் ஆறும் நடந்த வரிசையில் இருக்கின்றன. ஏழாவது, மற்ற எல்லாவற்றுக்கும் பல மாதம் முன்னால் நடந்தது. விசாரணையில் அது கடைசியாகத்தான் வந்தது என்பதால் இங்கேயும் கடைசியில் வைத்திருக்கிறேன். செடிகளைக் கணக்கெடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். செடிகளை எப்படி எண்ணுவது என்பதைப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். இது அதில் வராத பகுதி.

வெறும் புல்லு

ராஜபாளையம்தான் எனக்குச் சொந்த ஊர். தாவரவியல் படித்துவிட்டு ஓர் ஆய்வு நிறுவனத்தில் திட்ட உதவியாளராக இருக்கிறேன். ஊருக்கு மேற்கே மலையில் ஒரு தனியார் எஸ்டேட். அடிவாரத்தில் மாவும் தென்னையும், நடுமலையில் காபி, அதற்கும் மேலே மரமே இல்லாத புல்மேடு. காபியில் பெரிய வரும்படி இல்லாமல் போனதும், எஸ்டேட்காரர்கள் புல்மேட்டில் ஒரு டிரெக்கிங் பாதை திறந்தார்கள். சனி, ஞாயிறுகளில் ஆட்கள் காபித் தோட்டம் வரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து சிவத்தப் பாறை வரை நடந்து ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். பாறையில் நின்றால் கீழே மில் கூரைகளும் கண்மாய்களும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கை நீட்டுவார்.

ஆட்கள் நடப்பதால் அங்கே இருக்கும் செடிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏதோ ஒரு சான்றிதழுக்கு அந்த அறிக்கை தேவைப்பட்டது.

முதல் நாள் எஸ்டேட்டின் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் மேனேஜரைப் பார்த்தேன். நல்ல மாதிரிதான் பேசினார்.

"ஒரு மரங்கூட வெட்டலம்மா. அத மட்டும் ரிப்போர்ட்ல தெளிவாப் போட்டுருங்க. காபிக்குள்ள கூடி பாதைய விட்டிருந்தா நெழல் மரம் நாப்பது அம்பது போயிருக்கும். நாந்தான் வேண்டாம்னு சொல்லி, மேல காலி இடத்துல விடச் சொன்னேன்."

"காலி இடம்னா, புல்மேடா சார்?"

"அதத்தான சொல்லுதேன். வெறும் புல்லு."

அவர் பொய் சொல்லவில்லை. எஸ்டேட் வரைபடத்திலும் அந்தப் பகுதிக்கு நிறம் கொடுக்காமல் வெள்ளையாகத்தான் விட்டிருந்தார்கள். மரத்தை வெட்டினால் அடிக்கட்டை நிற்கும், யார் வந்தாலும் காட்டலாம். புல்லை மிதித்து அழித்தால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அங்கே முன்பு என்ன இருந்தது என்று எழுதி வைத்தவர் யாராவது இருந்தால்தான் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருப்பது அதனால்தான்.

ஜன்னல்

வேலை இப்படி:

அ. பாதையின் விளிம்பில் ஒரு குவாட்ரேட் வைக்க வேண்டும். குவாட்ரேட் என்பது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம். என்னுடையது பி.வி.சி. பைப்பில் செய்தது.

ஆ. அதற்கு நேராகச் சற்றுத் தள்ளி இன்னொன்று.

இ. யாரும் மிதிக்காத தூரத்தில் மூன்றாவது. அது கன்ட்ரோல், அதாவது மற்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சட்டம்.

ஈ. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் என்ன செடி, எவ்வளவு உயரம், எவ்வளவு வெறும் மண் என்று எழுத வேண்டும். பிறகு ஓர் இரும்புக் கம்பியைக் கையால் அழுத்தி, மண்ணுக்குள் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும்.

சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் முறை காபித் தோட்டத்து ஷெட்டில் போய் இறங்கியபோது, அங்கே தொப்பியும் ஷூவுமாக நின்றிருந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மேடம், யார் வீட்டு ஜன்னலக் கழட்டிட்டு வாரீக?"

அவர்தான் முத்துமாரி. அன்றிலிருந்து அந்தச் சட்டத்துக்கு ஜன்னல் என்றே பெயர்.

முத்துமாரிக்கு ஊர் சேத்தூர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வழிகாட்டி வேலைக்கு வரும் முன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். பஞ்சுத் தூசியில் மூச்சு இழுப்பு வந்து, மில்லை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மலைக்கு வந்த பிறகு இழுப்பு நின்றுவிட்டது. காபித் தோட்டத்திலிருந்து பாறை வரை நிற்காமல் ஏறுவார். நான்தான் இரண்டு இடத்தில் உட்காருவேன்.

அவருக்கு அப்போது தினக்கூலி. ஒரு சீசன் முழுக்கப் புகார் இல்லாமல் வேலை பார்க்கிறவர்களை மாதச் சம்பளத்தில் எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். முத்துமாரி அதற்காகத்தான் காத்திருந்தார். "மாசச் சம்பளம் வந்துட்டா மில்லுப் பக்கம் தலவச்சும் படுக்க மாட்டேன்" என்பார்.

மேனேஜர் எதிரில் நான் அவருக்கு மேடம். மேலே ஏறிவிட்டால் "ஏட்டி சுபா". எனக்கு அவர் மாரியக்கா.

கன்ட்ரோல் சட்டங்களில் இருந்தவை: இடுப்பளவு எலுமிச்சை வாசப் புல், ஊசிப்புல், அவற்றின் அடியில் நீலமும் மஞ்சளுமாகச் சிறு பூச்செடிகள், மரத்தில் ஒட்டாமல் மண்ணில் கிழங்கு விட்டு வளரும் ஒரு தரை ஆர்க்கிட். அதன் பூ இறக்கை விரித்த வெள்ளைப் பறவை மாதிரி இருக்கும். மாரியக்கா அதற்கு வெள்ளைக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார். வருகிறவர்களிடமும் அப்படியே சொல்லுவார். அங்கே கம்பி எளிதாக உள்ளே போகும்.

விளிம்புச் சட்டங்களில் இருந்தவை: தரையோடு ஒட்டிப் படரும் குட்டைப்புல், வெறும் மண், அங்கங்கே பார்த்தீனியம் என்ற களைச்செடி. பார்த்தீனியம் அந்த உயரத்தில் தானாக வந்ததில்லை. அடிவாரத்து ஜீப் தடத்திலும் பார்க்கிங்கிலும் அது நிறைய. அங்கிருந்து ஷூவின் அடிச் சேற்றில் விதை மேலே வந்திருக்கிறது. கம்பி இங்கே நகக்கண் அளவு இறங்கி நின்றுவிடும். அப்படி இறுகிய மண்ணில் மழைத் தண்ணீர் உள்ளே போகாது. மேலோடு ஓடும். ஓடும்போது மண்ணையும் கொண்டு போகும். புல் விதை விழுந்தாலும் வேர் இறங்க வழியில்லை.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆட்கள் நடக்கும் இடத்தில் புல் சாகும். என்னைக் குழப்பியது பாதையின் அகலம்.

அகலமாக இருக்கக் காரணம் இல்லாத இடங்கள்

பாதை ஏன் அகலமாகிறது என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது: சரிவு, தேங்கும் நீர், உருளும் கல், இரண்டு குழு எதிரெதிரே வரும் இடம். பெரும்பாலான இடங்கள் இதற்குள் அடங்கின. சில இடங்கள் அடங்கவில்லை. சமதளமாகவே இருந்தது, கொஞ்சம் ஈரம் மட்டும்தான். ஆனால் பாதை ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு விரிந்து கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை ஷெட்டில் வைத்துவிட்டு ஒரு குழுவின் பின்னால் நடந்தேன். முன்னால் மாரியக்கா. முதல் ஈரமான இடம் வந்தது.

"ஓரமா வாங்கண்ணே. ஓரமா, ஓரமா. தம்பி, செல்போன உள்ள வச்சிட்டு ஓரமா வாங்க."

வரிசையாக எல்லோரும் பாதையை விட்டு விலகிப் புல்லில் கால் வைத்தார்கள். சொன்ன சொல்லைக் கேட்டார்கள், அவ்வளவுதான். அடுத்து காளிராஜ் என்ற இளைஞன் இன்னொரு குழுவை ஏற்றிக்கொண்டு வந்தான். முன்னால் போனவர்கள் மிதித்த புல் அதற்குள் சேறாகியிருந்தது. அவனும் "ஓரமா வாங்க" என்றான். அந்தக் குழு அதற்கும் அடுத்த புல்லில் கால் வைத்தது.

அகலமான இடங்களும் வழிகாட்டிகள் "ஓரமா" என்று சொல்லும் இடங்களும் ஒன்றாக இருந்தன.

பாறையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"அக்கா, ஓரமான்னா எங்க?"

"எங்கன்னா?"

"எந்த இடத்துல நடக்கச் சொல்றீங்க?"

"ஏட்டி, அது ஒரு இடமா? பாத்து வாங்கன்னு சொல்லுதேன். ரோட்ல போற பிள்ளைய ஓரமாப் போன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி."

"அவங்க புல்லுல இறங்குறாங்க அக்கா."

கீழே திரும்பிப் பார்த்தார். காளிராஜின் குழு அப்போதும் வந்துகொண்டிருந்தது, சேற்றின் இரண்டு பக்கமும் புல்லுக்குள் பிரிந்து.

"ஆமா பாரேன்" என்றார். "நான் சொன்னதுக்கு எம்புட்டு மரியாத! எங்க வீட்ல ஒருத்தர் கேக்க மாட்டாக."

இதை நான் பல நாள் யோசித்தேன். நம் ஊரில் ஆபத்து என்றால் வாயில் முதலில் வரும் சொல் ஓரம். லாரி வந்தால் ஓரம், மாடு வந்தால் ஓரம், பஸ்ஸில் கூட்டம் என்றால் ஓரம். ரோட்டுக்கு அது பொருந்தும். ரோட்டின் ஓரம் நகராது, அதற்கு அப்பால் சாக்கடையோ சுவரோ இருக்கும். புல்மேட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே ஓரம் என்பது இதுவரை யாரும் மிதிக்காத இடம்.

நடுவுல வாங்க

மேனேஜரிடம் இரண்டு யோசனைகள் கொடுத்தேன்.

ஒன்று: வழிகாட்டிகள் இனி "நடுவுல வாங்க" என்று சொல்ல வேண்டும். ஷூ நனைந்தாலும் பரவாயில்லை, ஏற்கெனவே செத்த மண்ணிலேயே நடக்கட்டும்.

இரண்டு: தண்ணீர் தேங்கும் வளைவுகளில் நடுவில் தட்டையான கல் பதிக்க வேண்டும், கால் வைக்க.

"சொல்லுறதுக்கு என்னம்மா, இன்னைக்கே சொல்லிக் குடுங்க" என்றார். "கல்லு அடுத்த பட்ஜெட்ல பாப்போம். கீழருந்து ஏத்தணும்லா."

இரண்டையும் ஒன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் ஒன்று இல்லாமல் மற்றொன்றைச் செய்யக் கூடாது என்று எழுதவில்லை.

ஷெட்டில் வழிகாட்டிகளை உட்கார வைத்துச் சொன்னேன். காளிராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"நடுவுல நடந்து பழகிட்டு அப்படியே தென்காசி ரோட்ல போனேன்னா, லாரிக்காரன் உங்ககிட்ட வந்து கேப்பானா மேடம்?"

"ஏலே, நீ எப்பவும் நடு ரோட்லதான போற" என்றார் மாரியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "பொட்டப்பிள்ளைய ஓரமா உக்காரு, ஓரமா நில்லுன்னுதான் வளத்தாக. நடுவுல வான்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் மேடம்" என்றார். மற்றவர்கள் இருந்ததால் மேடம்.

ஒரு மாதம் வாய் தடுமாறியது. "ஓர..." என்று ஆரம்பித்து நிறுத்தி "நடுவுல, நடுவுல" என்பார்கள். காளிராஜ் கொஞ்ச நாளில் பழையபடி சொல்ல ஆரம்பித்துவிட்டான். மாரியக்கா விடவில்லை. அவர் குழு போகும்போது மட்டும் ஒரே வரிசையாக, ஒரே தடத்தில் போகும்.

அது மழையில்லாத காலம். நடுவில் நடப்பது யாருக்கும் கஷ்டமாக இல்லை. பாதை விரிவது நின்றது. கோடையில் தீப்பயத்துக்காகப் பாதையை மூடினார்கள். ஆடிச் சாரலில் விளிம்புச் சட்டங்கள் சிலவற்றில் ஊசிப்புல் முளைத்திருந்ததைப் பார்த்தேன். ஒரு வளைவில், பாதைக்கு மிகப் பக்கத்தில், ஆர்க்கிட்டின் இரண்டு இலை தரையோடு விரிந்திருந்தது. கிழங்கு உள்ளே உயிரோடு இருந்திருக்கிறது. மாரியக்கா அதைச் சுற்றி நாலு சுள்ளி நட்டு, "கொக்குக்கு வேலி" என்றார். அந்த வளைவு சிவத்தப் பாறைக்குக் கீழே இருப்பது.

அது பூக்கவும் செய்தது. அறிக்கையில் நான் நம்பிக்கையோடு எழுதிய ஒரே பத்தி அதைப் பற்றியதுதான்.

அந்தச் சனிக்கிழமை

நான் அதே வளைவுக்குச் சற்று மேலே ஜன்னலுக்குள் குனிந்திருந்தேன். குழு வருவது கேட்டது.

"நடுவுல வாங்க. தண்ணியப் பாக்காதீக, ஷூதான் நனையும். நடுவுலயே வாங்க."

"என்னம்மா, ரோட்ல ஓரமாப் போகச் சொல்றாங்க, நீ தண்ணிக்குள்ள எறங்கச் சொல்ற?" ஓர் ஆண் குரல்.

"அங்க பூச்செடி இருக்குண்ணே. வெள்ளக் கொக்கு மாதிரி பூக்கும். வேலி போட்டிருக்கோம் பாருங்க."

"அதெங்க? எனக்கு ஒண்ணும் தெரியல."

"இப்பப் பூவில்ல, மண்ணுக்குள்ள இருக்கு."

சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஓர் அலறல்.

நான் இறங்கி வருவதற்குள் மாரியக்கா அந்த அம்மாளைச் சேற்றிலிருந்து தூக்கி உட்கார வைத்திருந்தார். கை வளைந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. புல் உயரம் அளக்கும் என் மர ஸ்கேலை வாங்கிக் கையோடு சேர்த்து வைத்து, தன் துப்பட்டாவால் கட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் புல்லில் நின்றார்கள். நாலு சுள்ளியும் யார் காலடியிலோ போயின. அப்போது நான் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

"ஏங்க, அந்தப் பொண்ணத் திட்டாதீங்க" என்றார் அந்த அம்மாள், வலியோடு. "நாந்தான் பாக்காம கால வச்சேன்."

"நீ சும்மா இரு" என்றார் கணவர். "நாம ஓரமாத்தான வந்தோம்? இவதான் நடுவுல வா நடுவுல வான்னு கூப்பிட்டா. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் ஓரமாப் போகணும்னு. எதோ பூவாம். மண்ணுக்குள்ள இருக்காம்."

மாரியக்கா அந்த அம்மாளைத் தோளோடு அணைத்துக்கொண்டு காபித் தோட்டம் வரை இறக்கினார்.

ஒரு பக்கம்

செவ்வாய்க்கிழமை விசாரணை. நான் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு போனேன். அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னது நான், எந்த நோக்கத்துக்காகச் சொன்னேன், கல் கேட்டிருந்தது, கல் வராதது. நாலே விஷயம்தான்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு இதுல இருக்கு. எங்க ஆளுக்குச் சொல்லிக் குடுக்க உங்கள யார் விட்டான்னு அடுத்த கேள்வி வரும். நாந்தான் விட்டேன். அப்ப நானும் வரணும். அதுக்குப் பொறவு கல்லு ஏன் போடலன்னு வரும். எங்க போய் நிக்கும் இது?"

"நடந்தது அதுதான சார்."

"நடந்தது அதுதாம்மா. அந்த மனுசன் என்ன கேக்காருன்னு பாருங்க. ஒரு ஆள நிப்பாட்டுங்க, நான் வேற எங்கயும் போகலங்காரு. அம்புட்டுதான். நிப்பாட்டாட்டி பாதையவே மூடச் சொல்லுவாரு. மூடுனா அத்தன வழிகாட்டிக்கும் வேல இல்ல. நீங்களே சொல்லுங்க."

பாதையை மூடுவது புல்லுக்கு நல்லது என்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் அதைச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். என் பக்கத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார். எங்கள் நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கவனித்துப் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இடத்தை நடத்துகிறவர்களுக்கு வழிமுறை சொல்லக் கூடாது என்று இருந்தது.

வெளியே வராந்தா பெஞ்சில் முத்துமாரி மட்டும் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் யாரும் இல்லை.

"என்ன சொன்னாக மேடம்?" என்று கேட்டார்.

மில் வேன்

அடுத்த ஆவணியில் ஒரு காலை, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவரைப் பார்த்தேன். மில் வேனுக்காக நின்றிருந்தார். சேலைக்கு மேல் மில் கோட்டு, கழுத்தில் தொங்கும் துணி மாஸ்க். காலில் செருப்பு. அந்த ஷூவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"நல்லாருக்கீகளா மேடம்?"

"மூச்சு எப்படி இருக்குக்கா?"

"வருது, போகுது. வேற டிபார்ட்மெண்ட் கேட்டிருக்கேன். ரீலிங்ல தூசி கொஞ்சம் கம்மி." பேசிக்கொண்டிருக்கும்போதே இருமினார். இருமல் நிற்கச் செத்த நேரம் ஆனது. "அந்த அம்மாவுக்குக் கை சரியாயிருச்சா?"

"தெரியலக்கா."

"சரியாயிருக்கும். நல்ல அம்மா. எறங்குறப்ப, என்னால உனக்குக் கஷ்டம்னு சொல்லிக்கிட்டே வந்தாக."

நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். தெரியும் என்றார். பிறகு மில்லைப் பற்றிக் கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"இப்ப உள்ள எல்லாம் கோடு போட்டிருக்கான் மேடம். மஞ்சக் கோடு. ரெண்டு கோட்டுக்கு ஊடதான் நடக்கணும், மிஷின் பக்கம் போகக் கூடாது. நடுவும் கெடையாது, ஓரமும் கெடையாது. யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்." சிரித்தார். "கொக்கு பூத்துச்சா?"

"அந்த இடத்துல இல்லக்கா. மேல, தள்ளி இருக்கு."

"அந்த இடத்துல இல்லியா" என்றார்.

வேன் வந்தது. கிளீனர் கதவைத் தட்டி, "ஓரமா நில்லுங்கக்கா, வண்டி திரும்பட்டும்" என்று கத்தினான். பெண்கள் எல்லோரும் ஓரமாக நகர்ந்தார்கள். முத்துமாரியும் நகர்ந்தார். நானும்தான்.

கற்றுக்கொண்டது

1. பாதை விரிவதற்கு மண்ணும் மழையும் சரிவும் மட்டும் காரணமில்லை. அங்கே என்ன பேசப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். வழிகாட்டியின் பின்னால் ஒரு நாளாவது நடக்காமல் பாதையைப் பற்றி எழுதாதீர்கள்.

2. ஒரு யோசனைக்கு இரண்டு பாதி இருந்து, ஒன்றுக்குச் செலவில்லை, மற்றொன்றுக்குச் செலவு உண்டு என்றால், செலவில்லாத பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் சேர்ந்து இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

3. உங்கள் யோசனையைச் செயல்படுத்தப் போகும் ஆள் யார், அவர் தினக்கூலியா, மாதச் சம்பளமா என்று கேளுங்கள். யோசனை தவறிப்போனால் அறிக்கை எழுதியவரிடம் யாரும் வருவதில்லை. அந்த வார்த்தையை உரக்கச் சொன்னவரிடம்தான் வருவார்கள். மாரியக்கா அதை மற்ற எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்.

மூன்றாவதை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இப்போது உள்ள நிலை

சிவத்தப் பாறை வளைவில் எஸ்டேட் ஒரு போர்டு வைத்திருக்கிறது: "வழுக்கும் இடங்களில் ஓரமாகச் செல்லவும்." போர்டைச் சுற்றி நின்று எல்லோரும் படம் எடுப்பதால் அதன் கீழே புல் இல்லை. அந்த வளைவில் பாதை இப்போது ஒரு ஜீப் திரும்பும் அகலம். என் முதல் வருடத்து விளிம்புச் சட்டங்கள் இருந்த இடம் பாதையின் நடுவில் இருக்கிறது. இரண்டாவது வரிசைச் சட்டங்கள் விளிம்பாகிவிட்டன, அவற்றில் பார்த்தீனியம் வந்துவிட்டது. ஆர்க்கிட் கன்ட்ரோலில் மட்டும் உண்டு. கன்ட்ரோலை இன்னும் மேலே தள்ளி வைக்கலாமா என்று நிறுவனத்தில் கேட்டிருக்கிறார்கள்.

அறிக்கை ஏற்கப்பட்டது. மரம் எதுவும் வெட்டப்படவில்லை என்ற வரி அதில் இருக்கிறது. எஸ்டேட்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது. காளிராஜுக்கு மாதச் சம்பளம் ஆகிவிட்டது. முத்துமாரி மில்லில் இருக்கிறார், ரீலிங்குக்கு மாற்றம் கிடைக்கவில்லை.

கல் இன்னும் போடவில்லை. பாதை திறந்திருக்கிறது.